முதல் உடம்பு

ஆன்றோவின் மூச்சு பதினொரு விநாடி நின்று திரும்பிய அன்று, லிஜி முதலில் செய்த காரியம் கம்பெனிக்குப் போன் போட்டதுதான். அதைத் தப்பென்று யார் சொல்ல முடியும்? வருஷா வருஷம் சந்தா கட்டியிருக்கிறோம், கேட்கிற உரிமை இருக்கிறது என்று நீங்களும் நானும் நினைப்பதைத்தான் அவளும் நினைத்தாள்.

ஆன்றோ அவள் கணவன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகளில் மெக்கானிக்காக இருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால், கோபுரத்துக்குள் ஏணியில் ஏறும்போது கால் வழுக்கி இரண்டாள் உயரத்திலிருந்து விழுந்தான். பெரிய உயரமில்லை. ஆனால் பின்கழுத்து இரும்பு விளிம்பில் பட்டுவிட்டது. அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை, மூச்சு உட்பட. கூரை ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு போகிற காற்றடிக்கும் ஊரில், இவன் ஒருவனுக்கு மட்டும் இயந்திரம் வைத்துக் காற்றை ஊத வேண்டியதாயிற்று. தொண்டையில் துளை, துளையில் குழாய். இரண்டு வருஷத்துக்கு மேல் அவனால் ஒரு சொல் பேச முடியவில்லை.

பிறகுதான் முடுக்கி வந்தது. விலாவுக்குக் கீழே தோலுக்கடியில் வைத்துத் தைத்த, தீப்பெட்டி அளவுள்ள ஒரு சாமான். நரம்பை அது லேசாகத் தட்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கும் தசை இறங்கும். காற்று உள்ளே வரும். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தட்டு. குழாயை எடுத்துத் துளையை மூடியதும் ஆன்றோ பேசினான். அவன் பேசிய முதல் வாக்கியத்தில் மனைவியின் பெயரும் இல்லை, மாதாவின் பெயரும் இல்லை. "உன் வேன்ல... முன்சக்கரத்து பேரிங்... போச்சு பிள்ளே" என்றான். லிஜி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஆஸ்பத்திரி வாசலில் அந்த வேன் வந்து நிற்கும் சத்தத்தைப் பல மாதமாகக் கேட்டுக்கொண்டு, சொல்ல வழியில்லாமல் கிடந்திருக்கிறான் மனுஷன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

முடுக்கிக்காரனுக்குப் பேச்சு வருவது மூச்சு வெளியே போகும்போது மட்டும்தான். மூன்று நான்கு சொல், பிறகு ஒரு தட்டு, மறுபடி மூன்று நான்கு சொல். இந்த மூன்று நான்கு சொல்லை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் சண்டை நடந்தது, கேலி நடந்தது, ஒரு குடும்பமே நடந்தது. அது மூன்று வருஷமும் ஆறு மாதமும் பிசகில்லாமல் நடந்து, ஒரு காலையில் பதினொரு விநாடி நின்றது.

முடுக்கி செய்த கம்பெனியிலிருந்து போனில் வந்தவன் பெயர் பத்ரி. நல்ல பையன், நல்ல குரல். முடுக்கியை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னான். பக்கத்தில் அம்பு பையை, அதாவது முகத்தில் கவ்வ வைத்துக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அந்த ரப்பர் பையை, தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னான். செய்தாள். சரியாயிற்று. "பிரச்சினை தீர்ந்ததா மேடம்?" என்று கேட்டான். தீர்ந்தது என்றாள். புகாரை மூடிவிட்டான்.

ஒன்பது நாள் கழித்துப் பதினாறு விநாடி நின்றது. ரீஸ்டார்ட். அடுத்த எட்டாம் நாள் இருபத்துமூன்று விநாடி. ஆன்றோவின் உதடு நீலம் பாய்ந்து, விரலில் மாட்டியிருந்த கருவி வீல் வீலென்று கத்தியது. ரீஸ்டார்ட். மூன்றாம் தடவை பத்ரியின் குரலில் அந்தப் பழைய மெருகு இல்லை.

"மேடம், உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரல. இதே மாதிரி ஏழு பேர் கூப்பிட்டிருக்காங்க. அவங்களுக்கெல்லாம் ரெண்டு விநாடி, மூணு விநாடிதான். உங்க வீட்டுக்காரருக்குத்தான் அதிகம். மேல சொல்லியாச்சு. ஆனா முடுக்கியோட மென்பொருள்ல ஒரு வரி மாத்தினாலும் ஒவ்வொரு நாட்டுலயும் அனுமதி வாங்கணும். பதினாலு மாசம் ஆகும்ங்கிறாங்க."

"அதுவரைக்கும் என்ன செய்ய?"

"ரீஸ்டார்ட் பண்ணிட்டே இருங்க."

"பதினொண்ணு, பதினாறு, இருபத்திமூணு. அடுத்தது எத்தனைன்னு நீங்களே சொல்லுங்க தம்பி."

"நாங்க கைய வெச்சு ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி பொறுப்பு மேடம்" என்றான் பத்ரி. "கைய வைக்காம ஏதாவது ஆச்சுன்னா, நோயாளியோட நிலைமைன்னு எழுதிருவாங்க. எனக்கு மேல இருக்கிறவங்க யாரும் கெட்டவங்க இல்ல. ஆனா இப்படித்தான் இருக்கு."

லிஜிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இவ்வளவு நல்லவனாலேயே ஒன்றும் செய்ய முடியவில்லையென்றால் வேறு யாரால் முடியும்? நாகர்கோவில் டாக்டரும் கையை விரித்தார். முடுக்கியை எடுத்துவிட்டுப் பழையபடி குழாய் போடலாம், அது ஒன்றுதான் தன்னால் முடியும் என்றார். குழாய் என்றால் பேச்சு போகும். ஆன்றோ அதைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் கண்ணைத் திறந்து, "பன்னிரண்டுல... கேக்கலாம்" என்றான்.

பன்னிரண்டு என்பது ஒரு கூட்டத்தின் பெயர். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தட்டு வாங்கி வாழ்கிறவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், அறுபது நாட்டில் நாலாயிரத்துச் சொச்சம் பேர், வலையில் கூடிப் பேசுகிற இடம். முடுக்கியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படித்தவர்கள் அதில் இருந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. கட்டிலுக்கு மேலே தொங்கும் திரையில் கண்ணை ஓட்டி எழுதத் தெரிந்த நாளிலிருந்து ஆன்றோ அங்கே போய் வாய்பேசாமல் படித்துக்கொண்டிருந்தான்.

"காசு வாங்காதவன் எதுக்குங்க இதெல்லாம் செய்யணும்?" என்றாள் லிஜி. "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் சட்டையப் பிடிக்க?"

"பிடிக்கச் சட்டை... கிடையாது" என்றான் ஆன்றோ. ஒரு தட்டு. "அவங்களும் என்ன மாதிரி... படுத்துக் கெடக்கவங்க."

அவளுக்கு மனசே இல்லை. இருந்தாலும் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதிப் பழகிய கை அல்லவா, மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து, தாங்கள் தயவுகூர்ந்து என்று முடித்தாள். நடுவில் சங்கதி இரண்டே வரிதான் இருந்தது. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"மக்களே, மரியாதையெல்லாம் இரிக்கட்டு. மூச்சு நின்னப்போ முடுக்கிக்குள்ள இரிக்க பதிவை எடுத்தியா?"

யாரோ பக்கத்து ஊர்க்காரர் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. சிலி நாட்டில் ஒரு செப்புச் சுரங்க ஊரில், பதினொரு வருஷமாகக் கட்டிலில் கிடக்கும் பழைய லாரி டிரைவர். பெயர் ஒஸ்வால்தோ. அவர் எழுதுவது ஸ்பானிய மொழி. பன்னிரண்டின் மொழிபெயர்ப்பு இயந்திரம், படிக்கிறவர் வீட்டில் எப்படிப் பேசுகிறாரோ அந்த வழக்கிலேயே கொண்டுவந்து கொடுக்கும். ஆன்றோ அதற்குக் குமரிமாவட்டத் தமிழை ஊட்டி வளர்த்திருந்தான். அதனால் லிஜிக்கு உலகம் பூராவும் மக்களே என்று கூப்பிட்டது.

பதிவு எடுக்கவில்லை என்றாள். கம்பெனி சொன்னபடி மூன்று தடவையும் உடனே ரீஸ்டார்ட் செய்ததாக, கொஞ்சம் பெருமையாகவே எழுதினாள்.

"ரீஸ்டார்ட் பண்ணினா பதிவு அழிஞ்சு போகும் மக்களே. ஏன் நின்னுதுங்கிறதுக்கு இரிந்த ஒரே தடயத்த நீயே மூணு தடவ தூத்து வெளிய கொட்டிட்ட."

அவளுக்குச் சுருக்கென்றது. சொன்னதைச் சொன்னபடி, ஒரு நிமிஷம் தாமதிக்காமல் செய்வதுதான் அக்கறை என்று நினைத்திருந்தவள். நோட்டில் புகார் எண்களைக்கூட வரிசையாக எழுதி வைத்திருந்தாள். அத்தனையும் வீண் என்று ஒரு முன்பின் தெரியாத மனுஷன் மூஞ்சியில் அடித்தாற்போலச் சொல்கிறான். ஆத்திரத்தில் திரையை அணைக்கப்போனாள். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

"நானும் இதே தப்ப ஒருக்கா பண்ணிரிக்கேன். போகட்டு. அடுத்த தடவ நிக்கும்போது ரீஸ்டார்ட் பண்ணாத. நிக்க விடு. முழுசா நிக்க விட்டு, பதிவு எடு. நீ கையால மூச்சுக் குடு. நாங்க எல்லாரும் கூட இரிப்போம்."

நிக்க விடு. அந்த இரண்டு சொல்லை லிஜி எத்தனை தடவை படித்தாளோ. யாரோ சொன்னார் என்பதற்காக, கண்முன்னால் கட்டினவனின் மூச்சை நிற்க விடுவாளா ஒருத்தி? முடியாது என்று ஆன்றோவிடம் சொன்னாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "வேற வழி... இருந்தா சொல்லு" என்றான். லிஜி ஒஸ்வால்தோவுக்குச் சரி என்று எழுதினாள்.

முந்தைய மூன்று நிறுத்தங்களின் நேரத்தைக் கேட்டு வாங்கி, அடுத்தது எப்போது வரும் என்று பன்னிரண்டுக்காரர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வியாழக்கிழமை, மதியம் மூன்று மணியை ஒட்டி. லிஜி பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டரை மணிக்கே அம்பு பையோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். திரையை அவள் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தது. அதில் ஒரு வரி, வரியில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பச்சைப் புள்ளி. அது ஆன்றோ.

பிறகு அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது. இன்னொன்று. பத்து. ஐம்பது. மளமளவென்று வரிகள் இறங்கிக்கொண்டே போயின.

"இது யாரு?" என்று கேட்டாள்.

"நாங்கதான்" என்றார் ஒஸ்வால்தோ. "பழுது எங்க ஆரம்பிக்குன்னு பாக்கணும்னா, பழுதில்லாத மூச்ச பக்கத்துல வெச்சுப் பாக்கணும். அதனால எங்க முடுக்கியெல்லாத்தையும் உன் மாப்பிள்ளையோட தாளத்துக்குச் சேத்து வெச்சாச்சு. அவன் இழுக்கும்போது நாங்களும் இழுக்கோம்."

எண்ணூற்றுப் பன்னிரண்டு வரிகள். சிலியில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். பின்லாந்தில் ஒருத்தி மதியச் சாப்பாட்டுக்கு நடுவே படுத்திருந்தாள். மணிலாவில் ஒரு பையன் பரீட்சைக்குப் படிப்பதை நிறுத்திவிட்டு வந்திருந்தான். எண்ணூற்றுப் பன்னிரண்டு நெஞ்சு, ஒரே கணத்தில் ஏறி ஒரே கணத்தில் இறங்கியது. திரையில் புள்ளிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடாக நின்றன. ஐந்து விநாடிக்கு ஒரு கோடு. லிஜி தன்னையறியாமல் அந்தக் கோட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பெரிய கோவிலில் திருப்பலி நடக்கும்போது எல்லாரும் ஒன்றாக முழங்காலில் இறங்குவார்களே, அந்த நேரம் உடம்பில் ஓடுகிற சிலிர்ப்பு அவளுக்கு ஓடியது. இவர்களில் ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை. ஒருவருக்கும் அவள் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்ததில்லை.

மணி மூன்று நான்கு ஆனபோது, மேல் வரியில் புள்ளி விழவில்லை.

லிஜி முகமூடியை ஆன்றோவின் மூக்கிலும் வாயிலும் அழுத்தினாள். எப்போது அமுக்குவது? பதற்றத்தில் எண்ணிக்கை மறந்துபோயிற்று. பயந்தால் வேகமாக அமுக்கத் தோன்றும், வேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குப் போகும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மேல் வரி இருட்டாகக் கிடந்தது. கீழே எண்ணூற்றுப் பதினோரு வரிகளில் புள்ளிகள் விழுந்தன. அந்தக் கோடு வரும்போது பையை அமுக்கினாள். அடுத்த கோடு, அடுத்த அமுக்கல். அவர்கள் இழுக்கும்போது அவனுக்கும் கொடுத்தாள். ஆன்றோவின் கண் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது, அதில் பயம் இல்லை. நாற்பத்தொரு விநாடி அப்படிப் போயிற்று. பிறகு மேல் வரியில் ஒரு பச்சைப் புள்ளி, மற்றவற்றோடு சேர்ந்து வந்து விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. அவர்களால் கை தட்டவும் முடியாது. "பதிவு கெடச்சாச்சு மக்களே, போய் முகம் கழுவு" என்று மட்டும் ஒஸ்வால்தோ எழுதினார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே காரணம் தெரிந்துவிட்டது. ஒஸ்வால்தோ அதை லிஜிக்குப் புரியும்படி சொன்னார்.

"உன் மாப்பிள்ளைக்க முடுக்கிக்குள்ள ஒரு புத்தகம் இரிக்கு. ஒவ்வொரு மூச்சையும் அதுல எழுதி வெச்சிட்டுத்தான் அது அடுத்த தட்டு தட்டும். மூணு வருஷத்துல எல்லாரும் புதுசு வாங்கிருவாங்கன்னு நெனச்சு அளந்த புத்தகம். இவன் மூணு வருஷத்தத் தாண்டிட்டான். புத்தகம் நெறஞ்சு போச்சு. எழுதக் காலி வரி இரிக்கான்னு முதல் பக்கத்துலேருந்து தேடிட்டு நிக்கி. தேடி முடிக்க வரைக்கும் தட்ட மறந்து போகுது. இன்னும் கொஞ்ச நாள்ல காலி வரியே இரிக்காது. அன்னைக்குத் தேடிக்கிட்டே நின்னிரும்."

"அப்ப என்ன செய்ய?"

"ரெண்டு வரிய இடம் மாத்தணும். இப்ப எழுதிட்டுத் தட்டுது. இனிமே தட்டிட்டு எழுதட்டு. எழுத எடம் இல்லையா, எழுதாண்டாம். மூச்சுதான் முக்கியம்."

அவ்வளவுதானா என்று லிஜிக்குத் தோன்றியது. பதினான்கு மாதம் காத்திருக்கச் சொன்னது இந்த இரண்டு வரிக்கா? அவள் வியந்தது வரிகளைப் பார்த்து மட்டுமல்ல. மூச்சை எழுதி வைப்பது மூச்சைவிட முக்கியமென்று ஒரு இயந்திரத்துக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதை ஒரு சாயங்காலம் முழுக்கக் கண்ணை மூடாமல் கிடந்து இவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆனால் உடனே போட முடியாது. பன்னிரண்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. புதிதாக எழுதிய எதுவும் கேட்டவருக்குப் போகுமுன் வேறொரு உடம்பில் ஓடியிருக்க வேண்டும். முதல் உடம்பு என்று அதற்குப் பெயர். ஏனென்றால் முடுக்கியை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். நிறுத்தினது எழும்பாமல் போனால் மறுபடி குழாய்தான், பேச்சு போனது போனதுதான், ஆம்புலன்ஸ் வரும்வரை அம்பு பையை அமுக்குகிறவர் பாடு. அந்த ஆபத்தை யாராவது ஒருவர் தானாக முன்வந்து ஏற்க வேண்டும். ஏற்றவர் பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை போயிற்று. சனிக்கிழமை காலையில் ஆன்றோ கூப்பிட்டான். "ஒருத்தர் போட்டாச்சாம்... நல்லா இரிக்காராம்... நமக்கு வந்தாச்சு."

லிஜி சிலுவை போட்டுக்கொண்டாள். யாரோ எவரோ, அந்த மனுஷருக்கு ஆயுசு நூறு என்று வாய்விட்டே சொன்னாள். ஏற்கெனவே ஒரு உடம்பில் ஓடினது என்கிற தைரியத்தில் அவள் கை நடுங்கவில்லை. ஒஸ்வால்தோ சொன்னபடி, முடுக்கி அதுவரை தட்டிய மொத்த எண்ணிக்கையைத் திரையில் பார்த்து உரக்க வாசித்தாள். இரண்டு கோடியே இருபத்து நான்கு லட்சத்து அறுபத்தோராயிரத்து முந்நூற்றெட்டு. மணி பத்து நாற்பது. பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பொத்தானை அழுத்தினாள். ஐம்பது விநாடி அவள் கைதான் அவனுக்கு மூச்சு. பிறகு முடுக்கி எழும்பியது. ஆன்றோ, "வந்துட்டேன்" என்றான்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஒரு விநாடிகூட நிற்கவில்லை.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் மென்பொருளை மாற்றியதால் இனி எந்த ஆதரவும் கிடையாது என்று. பத்ரி கடைசியாக ஒருமுறை கூப்பிட்டான். "உங்க புகாரை மூடணும் மேடம். தீர்ந்ததுன்னு போட எனக்கு அனுமதியில்ல. வாடிக்கையாளர் விலகினார்னு போடறேன்" என்றான். அப்புறம், "நல்லா இருக்காரா?" என்றான். நன்றாக இருக்கிறார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

லிஜிக்கு ஒரே ஒரு குறை. அந்த முதல் உடம்புக்கு நன்றி சொல்ல வேண்டும். நேந்திரங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் பார்சல் கட்ட டப்பாவே வாங்கிவிட்டாள். முகவரி கேட்டு ஒஸ்வால்தோவை நச்சரித்தாள்.

"சொல்லக்கூடாது மக்களே. பேர் தெரிஞ்சா கும்பிடத் தோணும். கும்பிட ஆரம்பிச்சிட்டா, அந்த ஆளு போட்டதுல ஒரு தப்பு இரிந்தாலும் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. நமக்குக் கேள்விதான் வேணும்."

அப்படியானால் தான் என்ன செய்வது என்று கேட்டாள். வாசலில் நில்லு என்றார். அதாவது, புதிதாக அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு முதல் பதில் எழுதுகிற வேலை. லிஜி அதை ஏற்றுக்கொண்டாள். காலை வேன் ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் இடையில் தினமும் இரண்டு மணிநேரம். ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, பதிவை எடுங்க என்று எத்தனையோ பேருக்கு எழுதினாள். அவள் எழுதுவது அங்கே போய் பின்னிஷாகவும் அரபியாகவும் மாறிற்று. புத்தகம் நிறைகிறவர்கள் மாதாமாதம் பெருகினார்கள். அந்த இரண்டு வரி ஒவ்வொரு உடம்பாகப் போய்ச் சேர்ந்தது. போட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்தில் ஒரு வரி உண்டு. பெயர் இருக்காது. நேரம், அதுவரை தட்டிய எண்ணிக்கை, கடைசியில் மூச்சு வந்தது என்று இரண்டு சொல். நான்கு மாதத்தில் முந்நூறு வரி தாண்டிவிட்டது. சிலநாள் லிஜி வேலை ஒன்றும் இல்லாமலே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூச்சு வந்தது, மூச்சு வந்தது, மூச்சு வந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு விம்மும்.

ஒரு புதன்கிழமை, ஜார்ஜியா நாட்டிலிருந்து நினோ என்று ஒருத்தி எழுதினாள். மகனுக்குப் பத்தொன்பது வயது. மூச்சு இருபது விநாடி நிற்கிறது. எல்லாம் தயார், பை கையில் இருக்கிறது, பொத்தானை அழுத்தத்தான் கை வரவில்லை என்றாள். "முந்நூறு பேர் போட்டிருக்காங்கன்னு சொல்லுறீங்க. அதெல்லாம் எனக்கு எண்ணு. இத முதல்ல போட்ட ஆளு இப்ப எப்படி இரிக்காங்க? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க, அழுத்துறேன்."

நியாயமான கேள்வி. பக்கத்தில் புதிய வரிதான் எப்போதும் மேலே இருக்கும். இதுவரை அடிவரைக்கும் போய்ப் பார்க்க லிஜிக்கு அவசியம் வந்ததில்லை. இப்போது இறக்கினாள். முந்நூறு, இருநூறு, நூறு, ஐம்பது. கடைசி வரிக்கு வந்தாள்.

சனிக்கிழமை, இந்திய நேரம் காலை பத்து நாற்பது. இரண்டு கோடியே இருபத்து நான்கு லட்சத்து அறுபத்தோராயிரத்து முந்நூற்றெட்டு. மூச்சு வந்தது.

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

உட்கார்ந்து யோசித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அத்தனை பேரில் புத்தகம் அவ்வளவு நிறைந்தவன் ஒருவன்தான். நிறையாத புத்தகத்தில் போட்டுப் பார்த்து என்ன தெரியும்? ஆனால் பயந்து கிடக்கிறவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் எங்கே ஓடும்!

அவள் கட்டிலருகே போய் நின்றாள்.

"அன்னைக்கு நமக்கு முன்னால யாரும் போடல. அப்படித்தானே?"

ஆன்றோ ஒரு தட்டு வரும்வரை காத்திருந்தான். "இல்ல" என்றான்.

"என்கிட்டப் பொய் சொன்னீங்க. என் கையாலேயே நிறுத்த வெச்சீங்க. அது எழும்பாமப் போயிருந்தா? நான்தானே நிறுத்தினேன்னு காலம்பூரா நான் கெடந்து செத்திருக்க மாட்டேனா? உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

"சொல்லிருந்தா... விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"உன் கை நடுங்கிருக்கும் பிள்ளே." ஒரு தட்டு. "நடுங்கினா... பை சரியா அமுங்காது." இன்னொரு தட்டு. "ஒஸ்வால்தோ ரெண்டு நாள்... மாட்டேன்னு அழுதாரு... நான்தான் விடல." அவன் கொஞ்சம் ஓய்ந்து, திரும்பத் தொடங்கினான். "காற்றாலைல... ஏணி ஆடுச்சுன்னா... யாராவது ஒருத்தன் ஏறித்தான்... பாக்கணும். கீழ நிக்கவங்கள... ஏத்தக்கூடாது."

லிஜிக்குக் கோபம் என்றால் அப்படியொரு கோபம். வேறு ஒருத்தியாக இருந்தால் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். இவளால் அதுவும் முடியாது, புருஷனைப் புரட்டிப் படுக்கவைக்க நேரமாகிவிட்டது. முறைத்துக்கொண்டே புரட்டினாள், முறைத்துக்கொண்டே தலையணையைச் சரி செய்தாள், முறைத்துக்கொண்டே அவன் முதுகைத் தடவிப் புண் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். முதுகு அவள் கைக்குக் கீழே ஏறி இறங்கியது. கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி. இந்த ஒரு முதுகுக்குப் பின்னால் முந்நூறு பேர் நிற்கிறார்கள். பெயர் தெரியாத அந்த மனுஷனுக்கு நூறு ஆயுசு வேண்டி நாலு மாதமாக அவள் ஏற்றிய மெழுகுவர்த்தியெல்லாம் இந்த வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அவளுக்குக் கோபமும் அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன.

"கோவம்... போச்சா?" என்றான் ஆன்றோ, சுவரைப் பார்த்தபடி.

"போகல."

"செரி. போகாண்டாம்... டீ மட்டும் தா."

திரையில் நினோவின் கேள்வி அப்படியே நின்றது. ஒரு தாய் அங்கே பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். லிஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

"பாத்துட்டேன் நினோ. நல்லா இரிக்காங்க. இப்ப டீ கேக்காங்க. நீங்க பொத்தான அழுத்துங்க, நான் இங்கதான் இரிக்கேன்."